மழை ஜெபத்துக்கு வெளுத்த துணிகள்

1952 ஏப்ரல் 24, வியாழன்

எழுந்ததும் முதல் வேலையாகக் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் அடைத்து விடுமுறை விட்டதிலிருந்து இப்படித்தான். நேற்றுவரை தண்ணீருக்குள் இருந்த ஒரு வரிக் கல் இன்று வெளியே தெரிகிறது, கறுத்து, பாசி பிடித்து. பங்குனியில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை. சித்திரையில் வெறும் தூறல்.

பக்கத்தில் நின்று என் தம்பி ஞானசிங் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பல் தேய்க்க ஒரு குடம். கொப்பளிக்க, காறித் துப்ப, முகம் கழுவ, காலில் ஊற்ற, கடைசியில் துப்பியது தரையில் தெரியக் கூடாது என்று அதன்மேலும் ஊற்ற. கருப்பட்டி மொத்த வியாபாரி. சபைச் செயலாளர். குளத்தில் எருமை இறங்கினால்கூட இத்தனை சத்தம் வராது.

"தண்ணி கீழ போய்ட்டு, பாத்தியா?" என்றேன்.

"அது வந்துரும் அக்கா."

அவனுக்கு எல்லாமே வந்துவிடும். காப்பி வரும், வெந்நீர் வரும், வேட்டி வெளுத்து மடித்து வரும். வருவதற்கு நடுவில் ஒரு மனுஷி கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள் என்பது அவன் கண்ணில் இதுவரை பட்டதில்லை.

ஏப்ரல் 26, சனி

வெள்ளை வெளுக்கும் நாள். இருட்டு பிரியும் முன்பே தேவகனி தண்ணீர் கோர ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்து பல வருஷம் ஆனவள். அவள் கை ஓய்ந்து நான் பார்த்த சனிக்கிழமை கிடையாது. சவுக்காரத்துக்கு ஒரு தண்ணீர். அலச இரண்டு. நீலம் முக்க ஒன்று. கஞ்சி போட ஒன்று. பிறகு கஞ்சி காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவ.

தம்பி மனைவி ராகேல் கொடியடியில் நின்று மேற்பார்வை. "உங்க சேலையையும் குடுங்க மைனி. நம்ம வீட்டு வெள்ளைக்கு ஊருல ஒரு பேரு உண்டும்."

உண்டுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யார் பாவம் போயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை. யார் துணியில் பழுப்பு போகவில்லை என்று பார்ப்பார்கள். பிரசங்கம் முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் பேசுவது அதைத்தான். நானும் அந்தச் சேலையைக் கொடுத்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றவர்களைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

பக்கத்து வீட்டுக் கிணறு வற்றிவிட்டதாம். இதைச் சொன்னபோது ராகேல் முகத்தில் ஒரு சின்னப் பெருமை.

ஏப்ரல் 30, புதன்

தேவகனிக்குக் காய்ச்சல். வரவில்லை. இந்த வறட்சியில் பதில் ஆளும் கிடைக்கவில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் தண்ணீர் சுமக்க ஆள் தேடுகிறார்கள். அவரவர் தண்ணீரை அவரவர் கோரிக்கொள்வது என்று ஏற்பாடு. ஞானசிங் கயிற்றைக் கையில் எடுத்துப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

மே 2, வெள்ளி

அதிசயம் நடந்திருக்கிறது. என் தம்பி அரை வாளித் தண்ணீரில் குளித்தான்!

"இன்னைக்கு அவ்வளவா வேக்கல்ல அக்கா," என்றான். வெயில் கல்லைப் பிளக்கிறது.

ராகேல் துணியை ஒரே தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். அப்படி ஒன்றும் அழுக்கில்லையாம். பிள்ளைகள் முற்றத்தில் தண்ணீர் விசிறி விளையாடவில்லை. முகம் கழுவிய தண்ணீர் முருங்கை மூட்டுக்குப் போகிறது. நானும் இன்று தலை முழுகுவதாக இருந்தேன். முதல் வாளி பாதி ஏறும்போதே உள்ளங்கை எரிந்தது. நாளைக்கு ஆகட்டும் என்று கொண்டையை முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வீடு எவ்வளவு தண்ணீர் செலவழிக்கும் என்று கேட்டால், எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், என்ன வெயில் என்று கணக்குப் போடுவார்கள். நான்கூட வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதெல்லாம் அப்புறம். கயிறு இழுக்கும் கை யாருடையது? ஏவுகிற வாய் யாருடையது? இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு சின்ன ஊற்று போதும்.

கிணற்றில் அந்த ஒரு வரிக் கல் மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது.

மே 3, சனி

தேவகனி வந்துவிட்டாள். முகம் இன்னும் வாடித்தான் இருக்கிறது. காய்ச்சல் விட்டதா என்று ராகேல் கேட்கவில்லை. மூட்டையாகக் கட்டி வைத்திருந்த துணிகளைக் காட்டினாள். ஞானசிங் இரண்டு முறை குளித்தான். சிறையிலிருந்து வந்தவன்போல.

மே 5, திங்கள்

சபைக் கமிட்டி கூடித் தீர்மானித்திருக்கிறதாம். வரும் ஞாயிறு உபவாசம், மழைக்காக விசேஷ ஜெபம். அதற்கு முன் கோயிலை உள்ளும் புறமும் கழுவுவது. பெஞ்சுகளைத் தேய்ப்பது. சபையார் எல்லாரும் வெள்ளை உடுத்தி வருவது. தண்ணீருக்கு? எங்கள் கிணறு. செயலாளர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டேன்: "தண்ணி இல்லன்னு ஜெபிக்கத்தான போறிய? அதுக்கு இருக்குற தண்ணியையும் எடுத்துக் கொட்டணுமா?"

"கர்த்தருக்கு முன்னால அழுக்கா போய் நிக்க முடியுமா அக்கா?"

"பஞ்சம் வந்தா அந்தக் காலத்துல கோணிய உடுத்திட்டுச் சாம்பல்ல இருந்தாவ. அதுக்குத் தண்ணியே வேண்டாம்."

"நீ எல்லாத்தையும் படிச்சுட்டுப் பேசாத," என்றான்.

ராகேல் சிரித்தாள். "மைனி சாம்பலப் பூசிட்டு வரட்டும். நமக்கு நீலம் போதும்."

மே 7, புதன்

கிணற்றுக்குப் பின்னால் மதில். அதில் ஒரு சின்னக் கதவு. மதிலுக்கு அந்தப் பக்கம் பனைவிளையில் நாலைந்து குடிசைகள், எங்கள் சபையைச் சேராத அய்யாவழிக் குடும்பங்கள். அவர்கள் வந்து தண்ணீர் எடுக்கத்தான் அப்பா அந்தக் கதவை வைத்தார். இன்று ஞானசிங் அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான். சாவி அவன் மடியில்.

மத்தியானம் மதிலுக்கு மேல் பூங்கனியின் தலை தெரிந்தது. கல்லின்மேல் கல் வைத்து ஏறி நின்றிருக்கிறாள். மகள் செல்லத்தாயைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்திருக்கிறாளாம். இன்றோ நாளையோ என்று இருக்கிறது.

"டீச்சரம்மா, குளத்துத் தண்ணியில மாடுகூட வாய வைக்க மாட்டேங்கு. பெத்த பிள்ளைய எதுல குளிப்பாட்ட? பெத்தவளுக்குத் தழை அவிச்சு வேதுத் தண்ணி ஊத்தண்டாமா? கதவப் பூட்டிப் போட்டா நாங்க எங்க போவ?"

பேசிப் பார்க்கிறேன் என்றேன். பேசினேன்.

"அவிய நம்ம ஜெபத்துக்கா வாறாவ?" என்றான் ஞானசிங். "சபைக் காரியம் முடியட்டும். அதுக்கப்புறம் எடுக்கட்டும்."

அந்த விளையும் கிணறும் என் பேரில் இருக்கின்றன. எனக்குக் கல்யாணம் அமையாது என்று தெரிந்தபின் சீதனத்துக்குப் பதிலாக அப்பா எழுதி வைத்தார். வரி கட்டுவதும் நான்தான். அதைச் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். "உனக்க பேரு பத்திரக் கடலாசுல கெடக்கு அக்கா. கயிறும் வாளியும் எனக்கதுல்லா?"

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். திருவனந்தபுரத்தில் பி.ஏ. படித்தவள். உலகத்து நதிகளை எல்லாம் படத்தில் தொட்டுக் காட்டுகிறவள். என் கிணற்றில் ஒரு குடம் எடுத்துக்கொள் என்று ஒருத்தியிடம் சொல்ல வாய் வரவில்லை. அவனை மட்டும் என்ன சொல்வது — சீ.

மே 9, வெள்ளி

பீப்பாய் ஏற்றிய வண்டி கோயிலுக்கும் கிணற்றுக்குமாக நடக்கிறது. கயிறு எட்டாமல் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

மே 10, சனி, மாலை

இப்போதே எழுதிவிட வேண்டும்.

மூன்று மணி இருக்கும். பின்கதவைக் கையால் அடிக்கும் சத்தம். "டீச்சரம்மா! நோவு கண்டாச்சு! ஒரு குடம் தாங்கம்மா!"

முற்றம் முழுக்கப் பாத்திரங்கள். ஒன்றில் நீலம், ஒன்றில் கஞ்சி, ஒன்றில் சவுக்காரம். கொடியில் பிசாசுகள்போல ஜிப்பாக்கள். தேவகனி இழுத்த வாளியில் பாதி சேறு. நல்ல தண்ணீர் எல்லாம் காலையிலேயே வண்டியில் போய்விட்டது. அடுக்களையில் குடிக்க வைத்திருந்தது அரைப் பானை. அதை எடுத்தேன்.

"மைனி! பிள்ளைங்க எதக் குடிக்கும்?" என்று ராகேல் கையைப் பிடித்தாள்.

"கஞ்சித் தண்ணிய" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய்ப் பூங்கனியிடம் கொடுத்தேன். குடிசைக்குள் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பிரசவத்துக்கு அரைப் பானை எந்த மூலைக்கு?

கோயிலுக்குப் போனேன். வாசலில் நிறைந்த பீப்பாய்கள். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். கமிட்டிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையைத் தேய்க்கிற ஆட்களுக்கு விரலால் இடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பியிடம் கதவுச் சாவியைக் கேட்டேன்.

"பிரசங்க பீடத்துப் பக்கம் இன்னும் கழுவல்ல. இப்பம் போ அக்கா."

"அங்க ஒருத்தி பிள்ள பெத்துட்டிருக்கா."

"அக்கா, இது ஆம்பிளைய நிக்குற எடம்."

கமிட்டியில் ஒருவர் இருமினார். இன்னொருவர் கூரையைப் பார்த்தார். எல்லாருக்கும் பிள்ளைகள் உண்டு. தண்ணீர் இல்லாமல் பிறந்திருக்குமோ?

வாசலில் நிறைகுடம் ஒன்று இருந்தது. தூக்கி இடுப்பில் வைத்தேன். என் வாழ்நாளில் முதல் தடவை. நாற்பத்தைந்து வயதில்! இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. "அக்கா! ஊரு பாக்குது!" என்று பின்னால் அவன் குரல். தெருவில் பார்க்காதவர்கள் இல்லை. என்னிடம் படித்த பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பூங்கனி குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த நிலையிலும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பாதிய ரோட்டுக்குக் குடுத்தாச்சா டீச்சரம்மா?"

மறுபடி போனேன். இந்த முறை யாரும் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. கோயில் வேலைக்காரர் ரசலையன் மட்டும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பீப்பாயிலிருந்து கோரி நிரப்பித் தந்தார். "வேகம் போங்கம்மா. தரை காஞ்சா ஒண்ணும் சாவாது."

பெண் பிள்ளை. அழுகிற குரலைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மே 11, ஞாயிறு

நேற்றைய சேலையை மாற்றாமலே கோயிலுக்குப் போனேன். இடுப்புப் பக்கம் குடத்தின் சேற்றுக் கறை, ஓரத்தில் தெருப்புழுதி. பெண்கள் பெஞ்சில் எனக்கு இருபக்கமும் நல்ல இடம் விட்டார்கள். வசதியாக உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே தெரிந்த வானம் எங்கள் துணிகளைவிட வெளுப்பு. போதகர் அழுது ஜெபித்தார். ஞானசிங் அதைவிடச் சத்தமாக ஆமென் சொன்னான்.

உபவாசம் முடிந்து வீட்டுக்கு வந்தால் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு இல்லை. வாளி களிமண்ணைக் கொண்டுவந்தது. ராகேல் என்னைப் பார்த்தாள். நான் முற்றத்திலிருந்த கஞ்சிப் பாத்திரத்தைப் பார்த்தேன். கடைசியில் சபைச் செயலாளர் அடுக்களை வாசல் வழியாக ஆளனுப்பிச் சோடா வாங்கிக் குடித்தார். ஓய்வுநாளில் கடையில் பொருள் வாங்கியவர்களைச் சபையில் எழுப்பி நிறுத்தி அபராதம் போடுகிறவர். கோலி உள்ளே விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் கைதட்டின.

மே 14, புதன்

பூங்கனியும் மற்றப் பெண்களும் சுசீந்திரம் பக்கம் பழையாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்து வருகிறார்கள். விடியும் முன் போனால் வெயில் ஏறித்தான் வருகிறார்கள். செல்லத்தாய்க்கு நேற்று வேதுத் தண்ணீர் ஊற்றியாயிற்று. பிள்ளை பால் குடிக்கிறதாம். எங்கள் வீட்டுக்கும் தேவகனி அந்த ஆற்றிலிருந்துதான் சுமக்கிறாள். வீட்டார் அதிலும் வாய் கொப்பளித்துத் துப்புகிறார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. வைகாசியில் தொடங்கும் இடவத்து மழை. வருஷா வருஷம் இந்த வாரத்தில்தான் வரும், யார் வெளுத்தாலும் வெளுக்காவிட்டாலும்.

"பாத்தியா அக்கா? ஜெபத்தக் கேட்டுட்டாரு." வாசலில் கைநீட்டி மழையைத் தானே வரவழைத்தவன்போல நின்றான். வருகிற ஞாயிறு சபையில் சாட்சி சொல்லப் போகிறானாம். கிணறு பாதிக்குமேல் ஏறிவிட்டது. பின்கதவுச் சங்கிலியையும் அவனே கழற்றினான். "இனி எடுக்கட்டும். தண்ணிதான் கெடக்கே." ராகேல் மழையிலேயே சருவப் பானைகளைக் கழுவ வைக்கிறாள். தேவகனி நனைந்துகொண்டு தேய்க்கிறாள். எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோயிற்று. பூங்கனிகூடச் சிரித்துக்கொண்டே குடத்தோடு வந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த சித்திரையில் அந்தச் சங்கிலி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

அவனோடு இனிப் பேச ஒன்றுமில்லை. கடலாசில் இருக்கிற பேரைக் கல்லில் இறக்க வேண்டியதுதான். கிணற்றுக்கும் எங்கள் அடுக்களைக்கும் நடுவில் ஒரு மதில் வரும். கதவு வைக்காத மதில். பனைவிளைப் பக்கத்து மதிலை இடித்துவிடுவேன். எங்கள் வீட்டாருக்குத் தண்ணீர் வேண்டுமானால் தெருவைச் சுற்றி வரட்டும். கயிறும் வாளியும் அவனுடையதுதானே, கொண்டுவரட்டும். பூங்கனிக்குப் பின்னால் நிற்கட்டும். தேவகனியை அனுப்பினால் கேட்டு வைக்க வேண்டும், அவளுக்கு இஷ்டமா என்று. நானும் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். உள்ளங்கை பழகிக்கொள்ளும்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சனிக்கிழமை நாகர்கோவிலில் வேலை என்று சொல்லிவிட்டு, கல் கொத்துகிறவர்கள் இருக்கும் மயிலாடியில் இறங்கி மதிலுக்குக் கல் சொல்லிவிட்டு வருவேன்.

ராகேல் இப்போது வந்து கதவருகே நின்றாள். "மழையப் பாத்து என்ன மைனி எழுதுதிய?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.