நம்ம ஜெராக்ஸ் கடை பூங்கா ஆன கதை

கண்ணு, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ, இனிமே கடைத்தெருவுல கடைக்கு மேலயே வீடு கட்டிக் குடியிருக்கலாம்னு நகராட்சி புது விதி கொண்டுவருது!!!

நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லா இருப்பேன்னு நம்பித்தான் எழுதறேன். போன்ல சொன்னா அப்புறம் பேசறேம்மான்னு பாதியில வெச்சிடுவே, அதான் மெயில்ல நீளமா. இத்தனை வருஷமா மேல குடோன் மட்டும்தான் கட்டலாம்னு இருந்துச்சு, அதனாலதான் ஊர்க்கோடியில குடியிருந்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறி கடைக்கு வர்றோம், பஸ்ல ஏறி இறங்கும்போது அப்பா மூட்டு ஒவ்வொரு படிக்கும் கத்துது. புது விதி நூத்தி இருபது பக்கம், முழுசா படிச்சிட்டேன், புரியாத இடத்துக்கெல்லாம் வீடியோ பாத்தேன், நகரத் திட்டம் பத்திப் பேசற சேனல் ஒண்ணுக்கு இப்போ நான் வெறித்தனமான ரசிகை, எந்த வீடியோ வந்தாலும் முதல் கமெண்ட் அம்மாதுதான், சிரிக்காதே.

ஆனா கடைசிப் பக்கத்து வரைபடத்தப் பெருசாக்கி நம்ம தெருவத் தேடினேன். சலூன் ஆரஞ்சு, செருப்புக்கடை ஆரஞ்சு, நடுவுல நம்ம ஜெராக்ஸ் கடை மட்டும் பச்சை. ஆரஞ்சுன்னா கடையும் வீடும், பச்சைன்னா பூங்கா, பூங்கால ஒரு செங்கல் வைக்க முடியாது. மறுநாளே நகராட்சிக்கு ஓடினேன். திட்டப் பிரிவுல உன் வயசுல ஒரு பொண்ணு, கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுச்சு, வானத்துலேர்ந்து எடுத்த படம். மொட்டை மாடியில வெயிலுக்கு நான் கட்டுனேனே பச்சை வலை, அதத்தான் புல்லுத்தரைன்னு நெனச்சிட்டாங்க! மேலேர்ந்து பாத்து வரைஞ்சோம், தெருவுல வந்து நின்னு பாக்கலம்மான்னு பாவம் அதுவே ஒத்துக்கிச்சு. அப்பா இருக்காரே, ஒரு வாரமா ஷட்டரத் தூக்கும்போதெல்லாம் பூங்கா திறந்தாச்சு, செருப்பக் கழட்டிட்டு வாங்கங்கறார். சலூன்காரர் ஊஞ்சல் எப்போ வரும்னு தினம் கேக்கறார். எனக்கு மட்டும் சிரிப்பு வரல, வலையக் கட்டுனவ நான்தானே.

மாத்தித் தர்றாங்களாம், ஆனா பத்திரத்துல யார் யார் பேரு இருக்கோ எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஆட்சேபணை வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும். பத்திரம் என் பேருலயும் உன் பேருலயும் இருக்கு. அன்னைக்கு விட்டா அடுத்த திருத்தம் பத்து வருஷம் கழிச்சுத்தான், அதுவரைக்கும் அப்பா மூட்டு தாங்காது. மனுவையும் வரைபடத்தையும் இந்த மெயில்லயே சேத்து வெச்சிருக்கேன், மனுவப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பு, போன்ல சாய்வா போட்டோ எடுத்து அனுப்பாதே, ஜெராக்ஸ் கடைக்காரி பொண்ணு நீ. நீ கிளம்பறதுக்கு முன்னாடி மாடியில எடுத்தியே, வலை கட்டாதப்போ, அந்தப் போட்டோவும் வேணும், அங்க புல்லே இருந்ததில்லன்னு காட்ட.

வலையப் பிரிச்சாச்சு. நேத்து அப்பா சாக்பீஸ எடுத்துக்கிட்டு மாடியில முட்டி போட்டு, இது சமையக்கட்டு, இது நம்ம ரூமு, இது அவ ரூமுன்னு கோடு போட்டார். உன் ரூமுக்கு மட்டும் ரெண்டு ஜன்னல். மழை வந்தா அழிஞ்சிடும்னேன், திரும்பப் போடுவேன்னுட்டார்.

நல்லா இரு கண்ணு, தண்ணி நிறைய குடி. வெள்ளிக்கிழமைய மறந்துடாதே. அந்த வரைபடத்த நம்ம தெருவுலேர்ந்து வெளியூர் போன உன் கூட்டாளிங்க எல்லாருக்கும் அனுப்பு, அவங்கவங்க வீடு என்ன கலர்னு உடனே பாக்கச் சொல்லு.

பூங்காவுலேர்ந்து,
உன் அம்மா