அம்மி தொடாத கை

வடசேரி,
கொல்லம் 1129 தை 26, திங்கள்.

இராஜாக்கமங்கலம் எலும்பு வைத்தியர் ததேயுஸ் ஆசானுக்கு, அய்யம்பெருமாள் பிள்ளை சொல்ல, பேத்தி அழகியநாயகி எழுதுவது.

கார்த்திகை 25-ஆம் தேதி குளப்படியில் முறிந்த என் வலக்கைக்குக் கட்டிய மூங்கில் பத்தையைத் தை 8-ஆம் தேதி அவிழ்த்தீர். எலும்பு கூடிவிட்டது என்றீர். பின் ஏன் பேனா பிடிக்க முடியவில்லை? தினமும் அம்மியில் அரைக்கவேண்டும் என்ற உமது உத்தரவுக்கு வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதிய கை துவையல் அரைக்காது. பங்குனி 8-ஆம் தேதி இதை எழுதும் இவளுக்குக் கல்யாண நிச்சயம். லக்கினப் பத்திரிகையில் நான் கையெழுத்திட வேண்டும். கைநாட்டு வைத்தவர்களை எந்தக் கண்ணால் பார்த்தவன் நான் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நல்ல தைலமாக அனுப்பவும்.

இப்படிக்கு,
அய்யம்பெருமாள் பிள்ளை


பிள்ளைவாளுக்கு,

தைலம் இல்ல. வேல குடுத்தாத்தான் எலும்பு உறைச்சுக் கெட்டியாவும். சும்மா போட்டா உளுத்த மரந்தான். எங்க கடப்புறத்துல எழுவது வயசுக் கெழவன் வலை இழுக்கான். அவன் எலும்ப நான் இன்னும் தொட்டதில்ல. நீரு கையத் தொட்டில் பிள்ளையாட்டம் துணியில தூக்கிப் போட்டிருக்கீராம்! மொதல்ல ஈரத்துணியப் பிழியும். பொறவு தேங்கா. அதுக்கும் பொறவு நல்லமிளகு. வலிச்சா நிறுத்தும். வெக்கமா இருந்தா நிறுத்தாதயும்.

ததேயுஸ்


வடசேரி,
1129 மாசி 5.

ஆசானுக்கு,

உமது கடிதத்தில் தேதி இல்லை. எங்கள் பத்திர அலுவலகத்தில் அது காகிதமே அல்ல. வலை இழுப்பவனோடு என்னை ஒப்பிட்டதையும் கவனித்தேன். அம்மியில் அரைத்துப் பார்த்தாயிற்று, பயனில்லை. உமது வைத்தியம் மீன்காரர்களுக்கே ஆகும்.

அய்யம்பெருமாள் பிள்ளை

ஆசானே, இனி வருவது தாத்தா சொல்லாமல் அழகியநாயகி எழுதுவது. தாத்தா அம்மியைத் தொடவேயில்லை. நேற்றுத் தனியாக எழுதிப் பார்த்தார், பேனா விழுந்துவிட்டது. நான் மையைத் துடைத்து முடிக்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.


பிள்ளைவாளே,

தேதி வேணுமா? பங்குனி 8. அது ஒண்ணுதான் எனக்கு ஓர்ம. அன்னைக்கு உம்ம பெருவெரலுக்கு மைப்பெட்டி நானே கொண்டு வாறேன். அம்மி தொடாத கைக்கு வேற மருந்து எங்கிட்ட இல்ல.

ததேயுஸ்


வடசேரி,
1129 பங்குனி 9, திங்கள்.

ததேயுஸ் ஆசானுக்கு,

இதை எழுதுவது நானே. எழுத்து கோழி கிளறிய குப்பைபோல் இருப்பதற்கு உமது வைத்தியமே பொறுப்பு. மாசி 9 முதல் ஒரு நாளும் விடாமல் ஈரத்துணி, தேங்காய், நல்லமிளகு. என் துவையலில் உப்புக் கூடுதல் என்று சொல்லிக்கொண்டே வழித்துத் தின்கிறார்கள்.

நேற்றுக் கையெழுத்திட்டேன். சபை பார்க்க மூன்று எழுத்து நடுங்கியது. நீர் வாசலில் நின்றதைக் கண்டேன். உமது கையில் மைப்பெட்டி இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாத மனிதர் நீர்.

கல்யாணம் சித்திரை 23-ஆம் தேதி. தேதியைச் சரியாகப் படித்து வாரும். வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே வந்து பந்தியில் உட்காரும். துவையலை அரைத்தது யார் என்று மட்டும் எவரிடமும் சொல்லாதேயும்.

இப்படிக்கு, தன் கைப்பட,
அய்யம்பெருமாள் பிள்ளை