பீரோவில் இருந்த டார்க் ரெஞ்ச்

ஆவணி 9, செவ்வாய்

கார் கம்பெனி அதிகாரி இன்று எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தார். கல்வராயன் மலையிலிருந்து வந்து என்னிடம் படிக்கும் செல்வியிடம் டார்க் ரெஞ்சைக் கொடுத்து, சக்கர நட்டை அளவாக இறுக்கச் சொன்னார். எவ்வளவு இறுக்கம் என்று ரெஞ்சில் அளவு வைக்கவே அவளுக்குத் தெரியவில்லை.

"சார் சொல்லித் தரலையாம்மா?"

"சொல்லிக் குடுத்தாருங்க. நான்தான் மறந்துட்டேன்."

நான் சொல்லித் தரவில்லை. பயிற்சிக்கென்று அதே கம்பெனி கல்லூரிக்குக் கொடுத்த ரெஞ்ச் அது. தொலைந்தால் தணிக்கையில் என்னைத்தான் கேட்பார்கள் என்று இரண்டு வருஷமாகப் பீரோவில் பூட்டியே வைத்திருந்தேன்; அதிகாரி கேட்டதால் இன்றுதான் வெளியே எடுத்தேன். பாடத்தை போர்டில் படம் போட்டே நடத்தினேன்.

அவளை எடுக்கவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ரெஞ்சைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

அதை மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.