ஒரு நாற்காலி கூடுதலாக

திருமுல்லைவாயில்
12.8.1989

அன்புள்ள மாப்பிள்ளை டேவிட் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே கொசுக்கள் நலம், மனிதர்கள் சுமார். இந்த வருஷத்துக் கொசு ஒன்றைப் பிடித்து எங்கள் டாங்கி பேக்டரியில் கொடுத்தால், அதன் முதுகில் பீரங்கி பொருத்திக் குடியரசு தின அணிவகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். என் தங்கை ஞானகுமாரி, அதாவது உங்கள் மனைவி, ஆவடியில் உள்ள பெண்கள் அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்துத் தள்ளுகிறாள். உங்கள் போன கடிதத்தில் மூன்று வரி இருந்தது. தந்தி அடிப்பவன்கூட இன்னும் கொஞ்சம் தாராளமாக எழுதுவான்.

நிற்க. உங்கள் மச்சான் கிறிஸ்துராஜ் இன்று சாதாரண ஃபிட்டர் அல்ல. உங்கள் மகள் செலின் படித்த பள்ளியின் இசைக்குழுப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் கமிட்டியின் தலைவர். கமிட்டியில் மொத்தம் மூன்று பேர்: தலைமையாசிரியை அன்னம்மாள் சிஸ்டர், பாட்டு வாத்தியார் ஜானகிராமன், நான். அம்பத்தூருக்கு மேற்கே விமானத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தலைமைப் பதவி தானாக வந்து சேர்ந்தது. உங்களை வழியனுப்ப மீனம்பாக்கம் வந்தேனே, அந்த அனுபவம்தான்.

அழைப்பு இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று சிங்கப்பூரில் மாணவர் இசை விழா. இன்னொன்று உங்கள் மஸ்கட்டுத் தமிழர் சங்கம். இரண்டு இடத்துக்கும் ஒரே கேசட்டைப் பிரதி எடுத்து அனுப்பினோம். அதில் இருந்தது வாத்தியாருடைய மழை மெட்டு. உங்களுக்குத் தெரியும், செலினுக்காகவே அவர் போட்டது. நடுவில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து புல்லாங்குழல் மட்டும் தனியாகப் போகும்.

நம் செலின் மூளைக்காய்ச்சலில் போன பிறகு, அந்த இடத்தை வாத்தியார் யாருக்கும் கொடுக்கவில்லை. வயலினில் வாசிக்கட்டும், மெலோடிகாவில் வாசிக்கட்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். மாட்டேன் என்றுவிட்டார். அவ்வளவு நேரமும் பிள்ளைகள் மடியில் விரல்விட்டுத் தாளம் எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பிறகு சேர்ந்து எடுப்பார்கள். கேட்கிறவர்கள் பாட்டு முடிந்தது என்று நினைத்துக் கை தட்டிவிடுவார்கள். ஆண்டு விழாவில் கல்வி அதிகாரி தட்டிய தட்டில் மேடைத் தூசி மூன்று நாள் அடங்கவில்லை.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. நாங்கள் கொடுத்த பெயர்கள் பதினான்கு. பதினைந்தாவதாகப் புல்லாங்குழல் வாசிக்கும் மாணவரின் பெயர் விடுபட்டிருக்கிறது, பாஸ்போர்ட் விவரத்தோடு உடனே அனுப்பவும், நடுவர்களுக்கு அந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது என்று எழுதியிருந்தார்கள்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நான், “சிங்கப்பூர்ல காது மலிவு போல சிஸ்டர், ஆளுக்கு நாலு மாட்டி வெச்சிருக்காங்க” என்று சொல்லிச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. நானும் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

எங்களிடம் இருந்த கேசட்டைப் போட்டுக் கேட்டோம். அந்த இடத்தில் மின்விசிறி ஓடும் சத்தம், ஒரு காக்கை, ஆவடிப் பக்கம் போகும் ரயிலின் ஹாரன். அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டதில் டேப் ரிக்கார்டர் சூடேறி, மேலே மாவை ஊற்றினால் இட்லி வெந்துவிடும் போல ஆகிவிட்டது. குழல் மட்டும் இல்லை.

அன்று சாயந்திரப் பயிற்சியில் நானும் போய் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் வாத்தியார் கையை இறக்கினார். அப்போதுதான் கவனித்தேன், மாப்பிள்ளை. ஒரு பிள்ளையின் விரலும் மடியில் அசையவில்லை. யாரும் எண்ணவே இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பது போலத் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மயிரிழை பிசகாமல் எல்லோரும் ஒன்றாக எடுத்தார்கள்.

எண்ணாமல் எப்படிடா சரியாக எடுக்கிறாய் என்று தபேலா வாசிக்கும் வரதனை வாத்தியார் கேட்டார். அந்தப் பயல், கேள்வியே புரியாதவன் போல, “இன்னா சார், செலின் முடிச்சதும் எடுத்துக்கினு போறோம். நீங்கதானே சார் அப்டி சொல்லிக் குட்த்தீங்க?” என்றான்.

வாத்தியார் எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவினார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

சிங்கப்பூரா மஸ்கட்டா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று சிஸ்டர் சொன்னார். சிங்கப்பூர் யாருக்கு என்று கேட்டதும் ஆளுக்கு இரண்டு கையையும் தூக்கினார்கள், இன்னும் இருந்திருந்தால் அதையும் தூக்கியிருப்பார்கள். அங்கே மாடிப்படி தானாக ஏறுமாம், நாம் சும்மா நின்றால் போதுமாம். மஸ்கட் யாருக்கு என்றபோது ஒரு கையும் இல்லை. மஸ்கட்டுக்கு அப்பாக்கள்தானே போவார்கள், நாம் எதற்கு என்று வரதன் முன்னாலேயே தீர்ப்பு வழங்கியிருந்தான்.

சிஸ்டர் திரும்பிக் கரும்பலகையில் சிங்கப்பூர் என்று எழுதினார். எழுதி முடிப்பதற்குள் கூச்சல் அடங்கிவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் பின்னால் திரும்பி, கடைசி வரிசையில் ஜன்னலோரம் கிடக்கும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது யாருடைய நாற்காலி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயந்த மாதிரி இல்லை. யாரோ சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு வரதன் எழுந்து, “சரி சிஸ்டர், மஸ்கட்டே போலாம்” என்றான். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஒரு முகத்திலும் வருத்தமில்லை.

ஏன் என்று சிஸ்டர் கேட்டார். வயலின் வாசிக்கும் சாமுண்டீஸ்வரிதான் பதில் சொன்னாள்: “அவ அப்பா அங்கதானே கீறாரு, சிஸ்டர்.”

சிஸ்டர் டஸ்டரைத் தேடவில்லை. உள்ளங்கையாலேயே சிங்கப்பூரை அழித்தார்.

இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று ஆவடி வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்துத் தெருநாய்கள்கூட ஒதுங்கி வழிவிட்டன. நான் சொல்லி முடிக்கும்வரை அவள் மிஷினை நிறுத்தவில்லை. கடைசியில், “தெரியும்ண்ணே” என்றாள். பீரோமேல் செலினின் குழல் இருந்தது. தவறாமல் எண்ணெய் தடவி வைக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். வாய் வைக்கும் துளை ஈரமாக இருந்தது. எண்ணெய் என்றாள். எண்ணெய்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளுக்குத் துணையாக அவளும் வருகிறாள். இதை உங்களுக்கு அவள் எழுதியிருக்க மாட்டாள். குழலை என்னிடம் விட்டுப் போ, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். பெட்டியில் வைத்தாயிற்று என்றாள். பயணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

இனி எழுதப் போவதை நீங்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும். உங்கள் சங்கச் செயலாளர் சுலைமான் பாய் எழுதியிருந்தார். டிசம்பரில் கச்சேரி நடக்கிற வாரம் பார்த்து, பாலைவன கேம்ப்புக்குப் போகிறேன் என்று நீங்களாகவே கம்பெனியில் கேட்டு வாங்கியிருக்கிறீர்களாம். அவர் கோள் சொல்லவில்லை, பாவம், ஆச்சரியப்பட்டிருந்தார்.

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அன்று உங்கள் பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. நீங்கள் இல்லாமலேயே அடக்கம் முடிந்தது. அதன் பிறகு விடுமுறை கிடைத்தும் நீங்கள் ஊருக்கு வரவில்லை. வந்தால் எதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? நான் வாயாடிதான், மடையன் அல்ல. நீங்கள் வரவில்லை. அதனால் இப்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் எழுத மாட்டேன். பட்டப்பகலில் வாசலில் வெயிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அப்படியும் முதுகு சில்லென்கிறது.

கேம்ப்பை வேறு யாருக்காவது மாற்றிக்கொடுத்துவிடுங்கள். கச்சேரியன்று முன் வரிசையில் உட்காருங்கள். மேடையில் எத்தனை நாற்காலி போடுவது என்று சுலைமான் பாய் கேட்டால் பதினைந்து என்று சொல்லுங்கள். பதினான்கு பேர்தானே என்றால், ஆவடிக்காரனுக்குக் கணக்கு வராது என்று பழியை என் தலையில் போடுங்கள். நடுவில் எல்லா வாத்தியமும் நிற்கும்போது யாரும் கை தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டினால் அவள் பாதியில் நிறுத்திவிடுவாள், வெட்கப்படுகிற பிள்ளை.

நான் தினமும் பயிற்சிக்குப் போகிறேன், மாப்பிள்ளை. டாங்கி எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவிந்துபோன காது இது. முன்பெல்லாம் செலின் என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பட்டாபிராம் வரை ஊதிக்கொண்டே வருவாள், எதிரில் வரும் மாடுகள் தாளம் போடும். இன்று ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிறது. சிங்கப்பூர்க்காரனுக்குக்கூடக் கேட்கிறது. அவள் மாமனுக்கு மட்டும் கேட்கவில்லை. நீங்களாவது கேட்டு எனக்கு எழுதுங்கள். மூன்று வரி போதாது.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும். பிள்ளை அவ்வளவு தூரம் வருகிறது. வீட்டில் இருங்கள்.

என்றும் உங்கள் மச்சான்,
ம. கிறிஸ்துராஜ்