மற்ற மூலம் காண்க

தை 12, திங்கள்
காலையில் நல்ல பனி. மாணவிகளின் பழைய நோட்டில் மிஞ்சிய தாள்கள் இவை. யுத்தத்தில் காகிதமே கிடைக்காத நேரம். என் கதையை எழுதி வீணாக்குகிறேன். தப்புதான்.

எழுமலையிலிருந்து கார்டு. எட்டாவதோடு நின்ற அத்தை மகன் இப்போது எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படிக்கிறார். நான் கேட்டது: x² − 7x + 12 = 0; ஒரு மூலம் 3, மற்றது? அவர் விடை −10. இரண்டும் சேர்ந்து 7 வர வேண்டும். −7 என்று எடுத்துக்கொண்டார். குறி தப்பு, மறுபடியும்.

தப்பைத் திருத்த மட்டும் நான் கார்டு போடலாம். அப்பாவின் உத்தரவு. விடை சரியென்றால் பதில் கிடையாது.

அப்பா என் சிவப்பு மையைப் பார்த்துவிட்டார். "இன்னைக்கும் தப்பா? பி.ஏ. படிச்ச புள்ளைய எட்டாங்கிளாசுக்குக் குடுத்தா ஊரு சிரிக்கும்த்தா. அவன் பாஸ் பண்ணுவான்னு எனக்குத் தோணல."

வாங்க: சிவப்பு மை, ஊக்கு.

தை 16, வெள்ளி
வெயில். ஆரப்பாளையம் முழுக்கப் புழுதி. கார்டு வந்தது. x² − 9x + 20 = 0; ஒரு மூலம் 4. விடை −13. அதே தப்பு.

"பொண்ணு கேட்ட திண்டுக்கல் குமாஸ்தா வீட்டுக்குச் சரின்னு எழுதிரவா?" என்றார் அப்பா. கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

4-இன் கொம்பை வளைத்துப் போடுவார். அந்த 4-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளைப் பார்த்து ஏழு மாதம்.

தை 18, ஞாயிறு
அவர் அக்கா வளையல் வாங்க வந்தவர், இங்கேயும் எட்டிப் பார்த்தார். அப்பா வெளியே.

"ஏண்டி டீச்சரம்மா, எந்தம்பிக்கு என்ன மருந்து வச்ச? சிலேட்டுல அஞ்சு போடுறான், கார்டுல பதிமூணு எழுதுறான். நான் படிக்காதவதான், ரெண்டும் வேறன்னு கூடவா தெரியாது? ஏன்டான்னா, 'சரியா இருந்தா அவ எழுத மாட்டாக்கா'ங்கிறான்!"

"எம்புட்டு நாளா, மதினி?"

"தீபாவளியில இருந்து."

சிரித்துக்கொண்டே போனார். எனக்கு அடுப்படியில் அழுகை. எனக்காகப் போட்ட தப்புகளை எண்ணித்தான் அப்பா அவரை வேண்டாம் என்கிறார்.

மாலை. கார்டு எழுதியாயிற்று. x² − 11x + 24 = 0; ஒரு மூலம் 3. கீழே எப்போதும் இரண்டு விரல் இடம் வெறுமையாக விடுவேன். இன்று விடவில்லை. தபால்பெட்டியில் போடுவது அப்பா, படிக்காமல் போடமாட்டார். படிக்கட்டும். எழுதியது இதுதான்:

விடையைக் கார்டில் எழுத வேண்டாம், மச்சான். சிலேட்டோடு நேரில் வாருங்கள். அப்பா பார்க்கப் போடுங்கள். சரியாகவே போடுங்கள்.