சத்தமில்லாமல் சொன்னது

மொரீனுக்கு,

நேற்று கிளப்பில் நீ மறந்து வைத்த குடையைப் பெரிலிடம் கொடுத்துவிட்டேன். உன் வீட்டுப் படியேற மனசு வரவில்லை.

பதினைந்து வருஷம் தறிச் சத்தத்தில் நின்று நம் காது போனது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, எதிரே இருந்த பெரிலைப் பார்த்து, தறிக்கூடத்தில் பேசுவது போலக் குரலில்லாமல் வாயை அசைத்தாயே!

"போன மாசமே வீட்ட விக்க கையெழுத்து போட்டுட்டேன்டீ. இவகிட்ட மூச்சு விட்றாத. இவ பாட்டுக்கு மல்லுக்கட்டிட்டு கிடக்கட்டும்."

பெரில் தலை குனிந்துகொண்டாள். நீ சிரித்தாய்.

நம் பழைய மில்லை ஃபிளாட்டாக்கியவன் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று நம் தெரு வீடுகளைக் கேட்டபோது, 'செத்தாலும் தரமாட்டோம்' என்று என் ஜன்னலில் அட்டை ஒட்டியது யார்? நீதானே?

எனக்குக் கண்ணும் தெரியாது என்கிற தைரியம் உனக்கு. கண்புரையை எடுத்து நாலு நாளாகிறது, மொரீன். யாரிடமும் சொல்லவில்லை. முதலில் உன் முகத்தைப் பளிச்சென்று பார்த்து, உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று நேற்று கிளப்புக்கு வந்தேன்.

பார்த்துவிட்டேன்.

உன் பக்கத்துத் தறிக்காரி