பெண்கள் கொட்டடியில் சாராயக் கேஸ்கள்

1939 ஜனவரி 9, திங்கள்
கடும் பனி. முழங்கால் வலி.
வருட ரிப்போர்ட்டுக்காகக் குமாஸ்தா காலையிலேயே வந்துவிட்டார். ஜெயிலில் பெண்கள் பகுதிக்கு வார்டர் நான் ஒருத்திதான். நானே சொல்ல வேண்டும். யார், என்ன குற்றம், என்ன சாதி, படிப்பு உண்டா. படிப்பு ஒருத்திக்கும் இல்லை. மதுவிலக்குக்கு முன்னால் நகைத் திருட்டு, பிள்ளையோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்தவள், இப்படி ஓரிருவர். இப்போது பாதிக்கு மேல் சாராயம். எல்லாம் கூலிக்காரிகள். ஒருத்தி மட்டும் போலீஸில் சொல்லாமல் ஊர் தாண்டியவள். அவள் பிறந்த கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் எழுதிவைத்திருக்கிறது; அவர்களுக்கு அதுவே குற்றம். பண்ணைக்காரர் வீட்டுப் பெண் யாரும் இல்லை. குமாஸ்தா காப்பி கேட்டார்.

ஜன. 10
எருமப்பட்டி மாராயியின் கைக்குழந்தைக்குச் சளி. கஷாயம் கொடுத்தேன். இவளும் சாராயம்தான். புருஷன் செங்கோடன் முன்பே ஒருமுறை உள்ளே போனவன். மறுபடி சிக்கினால் நீண்ட தண்டனை. சாராயம் காய்ச்சிய பானை தன்னுடையது என்று இவள் கோர்ட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.
"பெரியவனுக்கு ஆறு வயசுங்க. அவனுக்குக் கஞ்சி ஊத்த அவரு வெளிய இருக்கோணுமில்லீங்க."
செங்கோடன் ஒருமுறைகூடப் பார்க்க வரவில்லை.

ஜன. 12
புது ஆள். பாவாயி, சின்ன வயது. சாராயம். இவளுக்கும் எருமப்பட்டி. மாராயியைக் கண்டதும் தலை குனிந்தவள் நிமிரவில்லை. களி வாங்கும்போது மாராயிதான் கேட்டாள், யார் வீட்டுப் பானை என்று.
"உங்க ஊட்டுப் பானைதானுங்கக்கா. கார்த்திகையில என்னைக் கூட்டியாந்து வெச்சுக்கிட்டாரு. பொம்பளைக்குக் கம்மியாத்தான் போடுவாங்க, ஒத்துக்கன்னாரு."
மாராயி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "எம் பையன்?"
"நான் வாரதுக்கு முந்தியே மேச்சேரிப் பக்கம் ஆடு மேய்க்க உட்டுட்டாருங்க. ஆட்டுப்பட்டிக்காரரு பேரு தெரியாதுங்க."
களி அப்படியே கிடந்தது.

ஜன. 13, போகி
அடிதடி நடக்குமோ என்று பயந்தேன். ஒன்றும் இல்லை. காலையில் மாராயி சூப்பிரண்டெண்டிடம் அழைத்துப் போகச் சொன்னாள். இரண்டு பானையும் அவனுடையவை என்று நின்றபடி சொன்னாள். கோர்ட்டில் நீயே ஒப்புக்கொண்டது, நான் என்ன செய்ய என்றார். பாவம், கெட்டவர் இல்லை. போலீஸுக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டரைக் கைதி தொடக்கூடாது. நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

ஜன. 27
போலீஸ் பதில்: செங்கோடன் ஊரில் இல்லை. வீடு பூட்டு.
பாவாயிக்குக் காலையில் வாந்தி. மாதம் தப்பியிருக்கிறது. மாராயிதான் முதுகைத் தடவிவிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

பிப். 6, திங்கள்
மாராயி விடுதலை. ஜெயிலில் கொடுக்கும் பஸ் சீட்டு எருமப்பட்டிக்குத்தான். தீர்ப்பில் உள்ள ஊர் அது. மேச்சேரிக்கு மாற்றித் தரச் சொல்லிக் குமாஸ்தாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். விதி இல்லையாம். சீட்டை வாங்காமலே வெளியே வந்தாள். குழந்தைக்கு இன்னும் இருமல். மேச்சேரியில் எத்தனையோ ஆட்டுப்பட்டி, எங்கே போய்த் தேடுவாய் என்றேன்.
"ஒவ்வொரு பட்டியா நின்னு, பேரு சொல்லிக் கூப்புடுவேனுங்க."
ஓமலூர் ரோட்டைக் காட்டினேன். "வாரேனுங்க" என்று குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள். திருப்பம் வரைக்கும் பார்த்திருக்கலாம். புதுக் கேஸ் இரண்டு, பெண்கள், என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.